முதல் பந்தி அவருக்கே

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சிகிச்சையை உரிய நாட்களுக்குள் முடிக்க, மருந்தைப் போலவே சாப்பாடும் அவசியம். ஆனால் வீட்டில் கடைசியாக நிரம்புவது பெண்ணின் தட்டுதான்.

மும்பை பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகள் பல ஆண்டுகளாகவே பலருக்கு வீடு. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வந்த குடும்பங்கள் பிளாஸ்டிக் விரிப்பில் படுத்து, ஸ்கேன் படங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. தர்ம ஸ்தாபனங்கள் சாப்பாடு வழங்குகின்றன. அது வராத நேரத்துக்கு டீயும் பாவும்.

வேலூரில் காட்சி சற்று மாறும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளும் ஜார்க்கண்ட்காரர்களும் சமையல் வசதியுள்ள லாட்ஜ் அறைகளை வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெய் வாங்கித் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். சமைக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. சில அறைகளில் நோயாளியும் அவரேதான்.

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோய். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஏழைகள். பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருபவர்கள். இவர்களும் குடும்பத்தாரும் டாக்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: “என்ன சாப்பிடலாம், டாக்டர்?”

கேள்வி எளிமையானது. பதிலும் எளிமையானதுதான். நடைமுறைதான் கடினம்.

56 நாள் கணக்கு

இந்த நோயை உணவு குணப்படுத்துவதில்லை. குணப்படுத்துவது சிகிச்சை. முற்றிய நிலையில் அதன் அமைப்பு இதுதான்: வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரங்கள் வெளிக் கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. பிறகு கருப்பைக்குள் கருவி பொருத்தி உள்ளிருந்தே தரப்படும் கதிர்வீச்சு சில முறை. மொத்தமும் 8 வாரங்களுக்குள், அதாவது 56 நாட்களுக்குள், முடிந்தாக வேண்டும்.

இந்தக் கெடு வெறும் சம்பிரதாயம் அல்ல. கதிர்வீச்சுக்கு இடையே ஓய்வு கிடைத்தால் எஞ்சியுள்ள புற்றுச் செல்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். கெடு தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது என்று 1992, 1993ஆம் ஆண்டுகளில் வெளியான கனடா, பிரான்ஸ் ஆய்வுகள் காட்டின.

சிஸ்பிளாட்டினையும் விட்டுவிட முடியாது. டாட்டா நினைவு மருத்துவமனை மூன்றாம் கட்ட நோயாளிகள் 850 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் 5 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களில் இது 54 சதவீதம். இந்த 8 சதவீத வித்தியாசத்தைப் பெற வேண்டுமானால், வாரந்தோறும் அந்த ஊசியைத் தாங்கும் உடம்பு வேண்டும். எடை சரிந்து, ரத்தம் குறைந்து, நீர் வற்றிய உடம்புக்கு டாக்டர் ஊசியைத் தள்ளிப்போடுவார். சிலசமயம் நிறுத்தியே விடுவார்.

இந்த இடத்தில்தான் சாப்பாடு சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. குறித்த நாளில் குறித்த மேஜையில் நோயாளி படுப்பதற்கான தெம்பைத் தருவதே அதன் வேலை. அதற்கு மேல் அதனிடம் அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பள்ளத்திலிருந்து தொடக்கம்

ஆனால் இந்தியப் பெண் இந்தப் பந்தயத்தைப் பள்ளத்திலிருந்தே தொடங்குகிறார். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 18.7 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். இது நோய் வருவதற்கு முந்தைய கணக்கு. பிறகு மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. வெட்கத்தாலும் பயத்தாலும் வெளியே சொல்லாமல் கழித்த நாட்கள். மருத்துவமனைக்கு வரும்போது ஹீமோகுளோபின் 7, 8 என்று இருப்பது அபூர்வமல்ல.

கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யக் கட்டிக்குள் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அதைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆகவே பல மையங்களில் அதை 10க்கு மேல் வைத்திருக்க டாக்டர்கள் முயல்கிறார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுகிறார்கள். பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் நல்லவைதான். ஆனால் 7 கிராமை ஒரே வாரத்தில் 10 ஆக்க எந்தக் கீரையாலும் முடியாது. ரத்தம் ஏற்றச் சொன்னால் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து நிறுத்துவது தவறு. மாத்திரையைச் சாப்பாட்டோடு டீ குடித்து விழுங்கினால் பாதிப் பலன் போய்விடும். டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி தேவை. டீக்குப் பதில் எலுமிச்சைச் சாறு உதவும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி தேவை. புரதம் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம். அதாவது 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 45 முதல் 67 கிராம் வரை புரதம். பெரிய அளவல்ல. ஆனால் ரசம் சாதமும் ஊறுகாயும், அல்லது இரண்டு ரொட்டியும் உருளைக்கிழங்கும் இதை எட்டாது.

இதற்கு டப்பாவில் வரும் விலையுயர்ந்த புரதப் பொடி கட்டாயமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலிலும் அவ்வளவே. ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம். அதே அளவு நிலக்கடலையிலும் ஏறக்குறைய அதே 7. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். சோயா உருண்டையில் பாதி எடை புரதம்தான். சைவம், அசைவம், வடக்கு, தெற்கு எந்தச் சமையலிலும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டலாம்.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் சமாளித்துவிடலாம். ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்களுக்குக் குமட்டல். தாளிக்கும் வாசனை வந்தாலே வயிறு புரட்டும். வாயில் துரு ருசி. இப்போது மூன்று வேளைச் சாப்பாட்டைவிட ஆறு சிறு வேளைகள் மேல். சூடான உணவைவிட ஆறிய உணவுக்கு வாசனை குறைவு. அதனால் தயிர் சாதம் இறங்கும், வத்தக்குழம்பு இறங்காது. காலையில் எழுந்ததும் பொரியோ ரஸ்க்கோ கொஞ்சம் கொறிக்கலாம். ஸ்பூனில் உலோக ருசி தெரிந்தால் கையால் சாப்பிடலாம். வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபின் போடுவதைவிட, டாக்டர் சொன்ன நேரத்தில் வருமுன்னே போடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அடுத்த தொல்லை தொடங்கும். இடுப்புப் பகுதிக்குச் செல்லும் கதிர்கள் கருப்பை வாயோடு நிற்பதில்லை. குடலையும் தொடுகின்றன. வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, உப்புசம். அப்போது கைகொடுப்பவை குழைந்த சாதம், இட்லி, பாசிப்பருப்புக் கஞ்சி, கிச்சடி, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், மோர். கொஞ்ச காலத்துக்கு ஒதுக்க வேண்டியவை எண்ணெயில் பொரித்தவை, காரம், ராஜ்மா, கொண்டைக்கடலை. பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடல் பாதிப்பால் குறைவதே காரணம். அதே பால் தயிரானால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

ஆனால் முதல் நாளிலிருந்தே காய்கறிகளை முழுவதுமாக நிறுத்துவது அவசியமா? முன்பெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இடுப்புக் கதிர்வீச்சின்போது நார்ச்சத்தை அதிகம் சாப்பிட்டவர்களின் குடல் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தது. ஆகவே வயிறு ஒத்துழைக்கும்வரை கேரட், பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் என்று வெந்த காய்களைச் சாப்பிடுவதில் தவறில்லை. வயிறு கலங்கும்போது குறைத்துக்கொண்டால் போதும்.

கழிப்பறை இல்லாத ஊரில் தண்ணீர்

உணவு அட்டவணைகள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. நோயாளி சாப்பிடாமல் இருப்பதற்குப் பசியின்மை மட்டும் காரணமல்ல. நடைபாதையில் தங்கியிருப்பவருக்கோ, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிறவருக்கோ, வயிற்றுப்போக்கு என்றால் முதல் கவலை கழிப்பறை. அதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பட்டினி. காலையில் ஒரு வாய் டீயோடு கிளம்பி, கதிர்வீச்சு முடிந்து மாலையில் திரும்பும்வரை சோறும் தண்ணீரும் தொடாமல் இருப்பது.

இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. அதைக் கழுவி வெளியேற்ற நீர் வேண்டும். ஊசியன்று நரம்பு வழியாக நீர் ஏற்றினாலும், அடுத்த நாட்களில் குடிக்க வேண்டியது நோயாளிதான். பல மையங்களில் கதிர்வீச்சுக்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார்கள். நிரம்பிய பை சிறுகுடலைக் கதிர்களின் பாதையிலிருந்து தள்ளிவைக்கும். தண்ணீருக்குப் பயந்தால் குடலுக்கும் சேதம், சிறுநீரகத்துக்கும் சேதம்.

வயிற்றுப்போக்கு இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். மாத்திரையிலேயே வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்த முடியும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொன்னால், பட்டினி கிடக்கத் தேவையே இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முற்றிய நோய் சிலருக்குச் சிறுநீர்க் குழாயை அழுத்தி அடைத்துவிடும். சிறுநீரகம் தளர்ந்து கிரியாட்டினின் ஏறும். அந்த நிலையில் எல்லாரும் சிபாரிசு செய்யும் இளநீரும் வாழைப்பழமும் பழச்சாறும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே பாதிக்கலாம். புரதத்தின் அளவும் தண்ணீரின் அளவும் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நல்லதானது நமக்கும் நல்லதாக வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பொருந்தும். தன் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

உறவினர்களின் மருந்துச்சீட்டு

நோய் பற்றி ஊருக்குத் தெரிந்த மறுநாளே ஆலோசனைகள் வந்துவிடும். முட்டையும் மீனும் சூடு. தயிர் சளி. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும். நன்றாகச் சாப்பிட்டால் கட்டியும் சேர்ந்து வளரும். கோதுமைப்புல் சாறும் முள் சீத்தா இலையும் போதும், கதிர்வீச்சு வேண்டாம்.

இவற்றில் மிகவும் கெடுதி செய்வது பட்டினி யோசனைதான். சர்க்கரையையும் சோற்றையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடப்பதில்லை. உடம்பு தன் தசையைக் கரைத்து அதற்குத் தீனி போடும். கரைவது நோயாளியின் கைகாலும் தெம்பும். சூடு, குளிர்ச்சி என்ற பத்தியத்தில் ஒவ்வொன்றாக விலக்கினால் தட்டில் மிஞ்சுவது கஞ்சித் தண்ணீர். வெள்ளிக்கிழமையோ சோமவாரமோ கர்வா சௌத்தோ, விரதத்தை இந்த 8 வாரம் தள்ளிவைத்தால் தெய்வக் குற்றம் வந்துவிடாது.

மூலிகை விவகாரம் இன்னும் சிக்கலானது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் கிடைத்தது உண்மை. அதனால்தான் அதன் இலையைக் கஷாயம் வைக்கத் தோன்றுகிறது. அந்த மருந்துகள் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கப்பட்டு, மில்லிகிராம் கணக்கில், நரம்பு வழியாகத் தரப்படுபவை. கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நஞ்சாகவும் ஆகலாம். குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்வதில்லை. மாத்திரையாகவோ கஷாயமாகவோ எதை எடுத்தாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் சுத்தம். ஊசியால் வெள்ளணுக்கள் குறையும்போது சாதாரணக் கிருமியும் காய்ச்சலாகும். காய்ச்சல் வந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். கொதித்து ஆறிய நீர், அப்போதே சமைத்த உணவு, நன்றாக வேகவைத்த முட்டை. தெருவோரத்தில் நறுக்கி வைத்த பழமும், காலையில் அரைத்து மாலைவரை வைத்த சட்னியும் வேண்டாம்.

சிகிச்சை முடிந்த பிறகு

எட்டு வாரம் முடிந்ததும் குடும்பம் நிம்மதியாக மூச்சு விடுகிறது. வயிறு சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும் விளைவுகள் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் வைட்டமின் பி-12 உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதி கதிர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது குறைந்து கைகால் மரத்துப்போகலாம், சோகை வரலாம். சுத்த சைவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ சரிக்கட்டலாம்.

கதிர்வீச்சில் சினைப்பைகள் செயலிழப்பதால் 35 வயதுப் பெண்ணுக்கும் மாதவிலக்கு நின்றுவிடும். எலும்பு தேயும். இடுப்பெலும்பில் விரிசல்கூட வரலாம். கேழ்வரகு, பால், தயிர், எள், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் ஆகியவற்றில் கால்சியம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல். வெயிலும் நடையும் சேர்ந்தால் நல்லது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ அதை “சாப்பாட்டுக் கோளாறு” என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். இந்தத் தொல்லைகளைக் குறைக்கும் நவீனக் கதிர்வீச்சு முறைகளும் வந்துவிட்டன. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற 300 பெண்களிடம் டாட்டா மருத்துவமனை நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் குடல் பாதிப்பு பழைய முறையில் 42 சதவீதமாகவும் புதிய முறையில் 21 சதவீதமாகவும் இருந்தது.

யார் பொறுப்பு?

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையில் படுத்திருந்தால் சாப்பாடும் அதில் சேர்த்தி. ஆனால் கதிர்வீச்சு நோயாளி பெரும்பாலும் படுத்திருப்பவரல்ல. தினமும் வந்து போகிறவர். அவர் தட்டு அவர் பொறுப்பு. அதே 2018 ஏப்ரலில் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தரும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சாப்பாடும் மருந்துதான் என்று ஒரு நோய்க்கு ஒப்புக்கொண்ட அரசுக்கு, இரண்டே மாதச் சிகிச்சைக்கு வரும் இந்தப் பெண்களுக்கும் அதை ஒப்புக்கொள்வது பெரிய சுமையாகாது.

நோயே வராமல் தடுக்கும் வழியும் உண்டு. எச்.பி.வி. என்ற வைரஸே இதன் மூல காரணம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2023இல் இந்தியத் தயாரிப்பும் வந்துவிட்டது. 30 வயதைத் தாண்டிய பெண்கள் பரிசோதனை செய்துகொண்டால், புற்றாக மாறுமுன்னே கண்டுபிடித்துவிடலாம். ஏற்கெனவே நோய் வந்துவிட்ட பெண்ணுக்கு, ஊசியையும் கதிரையும் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். மீதி வீட்டின் கையில் இருக்கிறது.

அதற்கு ஓர் எளிய கருவி போதும்: எடை பார்க்கும் மெஷின். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே மெஷினில் நிற்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். 45 கிலோவில் தொடங்கியவர் 43க்குக் கீழே இறங்கினால் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ சொல்லுங்கள். வாயால் சாப்பிட முடியாவிட்டால் குழாய் வழி உணவு முதல் பல வழிகள் அவர்களிடம் உண்டு.

இன்னொன்று மெஷினில்லாமலே செய்யக்கூடியது. கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்தபின், பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருடையது. உடம்பு சரியில்லாதபோதும் அதை அவராக மாற்றிக்கொள்ள மாட்டார். அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். முட்டையும் பருப்பும் தயிரும் முதலில் அவர் தட்டில் விழட்டும். எட்டு வாரத்துக்காவது முதல் பந்தி அவருக்கே.

ஒரு நாள் சாப்பாடு
(45 கிலோ எடை, சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு)

காலை 7 மணி: ஒரு டம்ளர் பால் அல்லது சத்துமாவுக் கஞ்சி.
8.30: மூன்று இட்லி, கெட்டியான பாசிப்பருப்புச் சாம்பார், அல்லது பருப்பு கிச்சடி.
11: வெந்த முட்டை ஒன்று, வாழைப்பழம். சைவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு கரைத்த கஞ்சி.
பகல் 1: குழைந்த சாதம் அல்லது மெல்லிய ரொட்டி, ஒரு கைப்பிடிப் பருப்பில் செய்த கூட்டு, வெந்த காய், ஒரு கிண்ணம் தயிர், ஒரு ஸ்பூன் நெய்.
மாலை 4: கடலை உருண்டை. வயிறு சரியில்லாவிட்டால் ரஸ்க், மோர்.
இரவு 7.30: இட்லி, இடியாப்பம் அல்லது சப்பாத்தி, தொட்டுக்கொள்ள மீன், முட்டை, பனீர், சோயா இவற்றில் ஒன்று.
9 மணி: பால், ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர்.

புரதம் 60 கிராமைத் தொட்டுவிடும். ஒரு வேளை இறங்காவிட்டால் அடுத்த வேளையில் ஈடுகட்டலாம். உள் கதிர்வீச்சு நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால், முந்தைய நாள் மருத்துவமனை சொல்லும் முறையே சரி.